நாலாவது வளையம்

சனிக்கிழமை தன்னை எந்தக் கொம்பனாலும் தூக்க ஏலாது என்று கனகசுந்தரம் வியாழக்கிழமையே முடிவெடுத்துவிட்டார். முப்பது வருசம் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக் கப்பற் சாமானைத் தூக்கின மனிதரை, அன்புவழிபுரத்து நாலு பெண்டுகள் தூக்கிப் பழகுவதாவது.

விசயம் இதுதான். மனைவி ஜெயரூபி வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு, ஆள் தூக்கும் மிசின் ஒன்று வந்திருந்தது. எழும்ப ஏலாதவர்களைத் துணித் தொட்டிலில் வைத்துக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுகிற சாமான். வயசாளிகளில் பழகக் கூடாதாம், முதலில் நோய்நொடி இல்லாத சுகதேகி ஒருவரில் பழக வேண்டுமாம். ஜெயரூபிக்கு வாய்த்த ஒரே சுகதேகி இவர். இவருக்கோ அன்றைக்குக் கிண்ணியாச் சினேகிதன் ஸெய்னுதீனோடு வள்ளத்தில் மீன்பிடி.

சனிக்கிழமை விடியவே "ஐயோ, நாரி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

"என்னப்பா, எழும்ப ஏலாதோ?"

"அசையவே ஏலாது, ரூபி. நீர் போயிட்டு வாரும்."

"ஓம், படுங்கோ."

அவள் போனாள். மனிதர் தலையணைக்குள் சிரித்தார்.

அரை மணித்தியாலத்தில் வாசலில் சின்ன லொறி வந்து நின்றது. மிசின் இறங்கியது. பின்னால் ஜெயரூபியும், கூட வேலை செய்யும் கோணேஸ்வரியும், இன்னும் இரண்டு பெண்டுகளும்.

"நாரி நோக்காரரை இழுத்துப் பறிக்கப்படாது. மிசினால தூக்கிக் கதிரையில வைச்சு டொக்டரிட்டக் கொண்டு போவம்," என்றாள் ஜெயரூபி.

முதுகுக்குக் கீழே துணியைச் செருகினார்கள். துணியின் நாலு மூலை வளையங்களில் மூன்று, மிசினின் கொளுக்கியில் சரியாக இறங்கின. நாலாவதை ஜெயரூபி கொளுக்கியின் நுனியில் சும்மா தொங்கவிட்டாள்.

கனகசுந்தரம் பார்த்தார். பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தார்.

"ரூபி, அந்த வளையம்..."

"நோயாளி கதைக்கப்படாது. கோணேஸ், தூக்கும்."

முப்பது வருசப் பழக்கம் கேட்குமா? மனிதர் துள்ளி எழும்பினார், குனிந்தார், வளையத்தைக் கழற்றி ஆழக் கொளுவினார்.

"இப்பிடியே கொளுவிறது? முதல்ல ஒரு சாண் உயர்த்தி நிப்பாட்ட வேணும். நாலையும் பாக்க வேணும். பிறகுதான் மேல. ஆளைக் கொல்லவோ பாக்கிறியள்?"

அப்போதுதான் தான் நிற்பது அவருக்குத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெயரூபி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியளே? ஒரு வளையம் பிழைச்சால் படுத்த ஆளும் எழும்பிடும். சரி, சுகதேகி கிடைச்சிட்டார். படுங்கோப்பா, ஆளுக்கு அஞ்சு தரம் தூக்கிப் பழக வேணும்."