தேன்மொழி என்றொரு கம்ப்யூட்டர் மொழி

அந்தச் சின்ன அறையை உயிரே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. மற்றபடி அது வீர சபதம்தான்.

அலுவலகத்தில் யார் யாரோ உருவாக்கிய கம்ப்யூட்டர் மொழிகளில் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. வீட்டில், அந்தச் சின்ன அறைக்குள், ஒரு வருஷமாக நானே சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தேன். வீட்டு விளக்கு, மின்விசிறி, அந்த அறையின் கதவுப் பூட்டு எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். அதாவது, கேட்க வேண்டும். சில நாள் விளக்கைப் போடச் சொன்னால் மின்விசிறி சுற்றும்.

என் மனைவி பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசும் குழந்தைகளும், பேசவே தயங்கும் குழந்தைகளும் அவளிடம் வருவார்கள். பயிற்சி எங்கள் வீட்டு ஹாலில் நடக்கும். ஒரு குழந்தை பாடுபட்டு ஒரு வார்த்தையை உதடுவரை கொண்டுவந்திருக்கும். அந்த நேரம் பார்த்து என் மொழி மின்விசிறியை அலறவிடும். வார்த்தை உள்ளே ஓடிவிடும்.

"நாளையிலேர்ந்து அந்த ரூம் குழந்தைங்களுக்கு" என்று முந்தின ராத்திரி சொல்லியிருந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசவே மாட்டாள். அதனால்தான் எனக்குப் பயம்.

நண்பனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான். அதனால் அவன் பெயரே அகராதி ஆகிவிட்டது.

"உன் மொழிக்கு அவங்க பேரை வச்சுடுடா. உருகிடுவாங்க. அப்புறம் ரூமாவது ஒண்ணாவது!"

"பேருக்கும் மொழிக்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?"

"எந்த மொழியில பொருத்தம் இருக்கு? பைத்தான்ல பாம்பா இருக்கு? அது ஏதோ ஒரு காமெடிக் குழுவோட பேரு. ஜாவாவைப் பிழிஞ்சா காபி வருமா? பி-ன்னு ஒரு மொழி இருந்துச்சு, அதுக்கு அடுத்து வந்ததால அது சி. அவ்வளவுதான். பேருங்கிறது வாசல்ல மாட்டுற பலகைடா. உள்ள யார் குடியிருந்தா அதுக்கென்ன?"

கல்யாணமான புதிதில் அவளுக்கு நான் வைத்த செல்லப்பெயர் தேன்மொழி. மொழி என்ற சொல்லே அதற்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்!

சாப்பாடு முடிந்ததும் விஷயத்தை அவிழ்த்தேன்.

"என் மொழிக்குப் பேர் வச்சுட்டேன்மா."

"என்ன பேரு?"

"தேன்மொழி."

கை துடைத்துக்கொண்டிருந்தவள் துண்டைக் கீழே வைத்தாள். கண்கள் பளபளத்தன. அறை கைக்கு வந்துவிட்டதென்றே நினைத்தேன்.

"நிஜமாவா?"

"பொண்டாட்டி பேர்ல வீடு வாங்குறவன் உண்டு, கடை வைக்கிறவன் உண்டு. ஒரு மொழியையே வச்சவன் உண்டா?"

"எங்க, காட்டுங்க. நான் எப்படி இருக்கேன்னு பாக்கணும்."

அந்த இடத்திலேயே நான் மயங்கி விழுந்திருக்கலாம். அறைக்கு அழைத்துப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, 'விளக்கைப் போடு' என்று அடித்தாள். திரையில் சிவப்பாக வந்தது: 'தப்பு.'

"என்ன தப்பு?"

"கடைசியில 'சரி'ன்னு போடணும். எந்தக் கட்டளையும் 'சரி'ன்னுதான் முடியணும்."

"ஏன் அப்படி?"

"எனக்கு அப்படியே பழகிடுச்சு."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தப்பு செய்தாள். 'எத்தனை தடவை சொல்றது?' என்றது திரை. மீண்டும் ஒன்று. 'இதுகூடத் தெரியாதா?' மீண்டும். 'நான் எதுக்குச் சொல்லணும், உங்க இஷ்டம்.'

"இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான். மனசுல வந்ததை எழுதினேன்."

"இது நான் உங்ககிட்ட பேசுறது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை மாறாமல் அவள் பேச்சு. எனக்கு வியர்த்தது. மின்விசிறி சுற்ற வேண்டிய நேரம், சுற்றவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஒரு மொழியோட பேருக்கும் அதோட குணத்துக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?"

உண்டு என்றால் அவள் சிடுமூஞ்சி. இல்லை என்றால் நான் வைத்தது பெயரில்லை, ஐஸ்.

"அது வந்து... சூழ்நிலையைப் பொறுத்து..."

"என்கிட்ட வர்ற குழந்தைங்க வார்த்தை வராம திணறும். நீங்க வார்த்தை தெரிஞ்சே திணறுறீங்க. போய்க் காய் வாங்கிட்டு வாங்க."

"ரூம்...?"

"பேசிக்கலாம்."

பேசிக்கலாம் என்றால் பாதி வெற்றி. பையை வீசிக்கொண்டு நடந்தேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது அகராதி கூப்பிட்டான். ஏனோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எங்கடா இருக்கே?"

"மார்க்கெட்ல. திட்டம் பலிக்கிற மாதிரிதான் இருக்கு."

"நல்லா பாத்துப் பாத்து வாங்கு. அவசரமே வேண்டாம்."

நண்பனென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நெகிழ்ந்துபோய் கத்தரிக்காயும் வாங்கினேன்.

திரும்பியபோது சின்ன அறை பூட்டியிருந்தது. மனைவி சோபாவில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். கதவில் நான் பொருத்தியிருந்த குட்டித் திரையில் 'கதவைத் திற' என்று அடித்தேன். அவசரத்தில் 'சரி' போட மறந்துவிட்டேன். வசவுக்குத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

பச்சை எழுத்தில் வந்தது: 'பரவாயில்லை. கடைசிச் சொல் ஒண்ணுதான் விட்டுப்போச்சு. மெதுவா இன்னொரு தடவை.'

அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை கம்ப்யூட்டர் மொழிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன்! ஒன்றுகூட என்னிடம் பரவாயில்லை என்று சொன்னதில்லை. நம்பாமல், எழுத்தைப் பிசகாக அடித்துப் பார்த்தேன். 'அடடா, கிட்டத்தட்ட வந்துட்டீங்க. மூணாவது எழுத்தை மட்டும் பாருங்க.' அதைப் படித்ததுமே என் விரல்களின் பதற்றம் தானாகவே அடங்கிவிட்டது. பேச வராத குழந்தைகள் இந்தப் பெண்ணிடம் வந்ததும் ஏன் பேசிவிடுகிறார்கள் என்று அந்தக் கதவுக்கு முன்னால் எனக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷம் உட்கார்ந்து நான் செய்தது திட்ட மட்டுமே தெரிந்த எந்திரம். அதை ஒரே மதியத்தில் பேசவைத்துவிட்டாள்.

"உனக்கு எப்படி இது...?"

"ஒரு வருஷமா சாப்பாட்டு மேசையில இதைப் பத்தி மட்டும்தானே பேசினீங்க. காது கொடுத்துக் கேக்குறதுதானே என் தொழில்."

"பாஸ்வேர்டு?"

"மொழிக்கே தேன்மொழின்னு வச்ச மனுஷன் பாஸ்வேர்டுக்கு வேற என்ன வச்சிருக்கப் போறார்? திட்டுற இடங்களை மட்டும்தான் மாத்தினேன். அப்புறம் கதவுக்கு ஒரே ஒரு வரி. இப்பச் சொல்லுங்க, பேருக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா?"

"உண்டு" என்றேன். "இது தேன்மொழியேதான்."

"அப்போ இது என் மொழி."

"சந்தேகமே இல்ல!"

பிரமித்துப்போனவன் எதற்குத் தலையாட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை.

"சரி, இப்ப கதவைத் திறக்கச் சொல்லுங்க."

ஒரு பிசகும் இல்லாமல் அடித்தேன். பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'ரொம்ப அழகா சொன்னீங்க. ஆனா இந்த ரூம் இனிமே குழந்தைங்களோடது. உங்க மேசையும் நாற்காலியும் பால்கனியில இருக்கு, காத்து நல்லா வரும். தூக்கி வச்சது உங்க ஃபிரெண்டு அகராதி, அவருக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க. சம்மதம்னா கடைசிச் சொல்லை மட்டும் அடிங்க. அவசரமில்லை.'

'சரி' என்று அடித்தேன். என் மொழி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது.