எழுபத்தைந்து அங்குலத் திறப்பு விழா

தூரத்தில் இருப்பதைப் பார்க்க மனிதகுலம் நூறாண்டுகள் பாடுபட்டதன் முழுப் பயனும் கடந்த ஞாயிறு மாலை, அடையாறில் எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வந்து சேர்ந்தது. எழுபத்தைந்து அங்குல டிஜிட்டல் டிவி! சங்கத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றைப் பதிவு செய்வது என் கடமை.

முதல் நிகழ்ச்சியும் முடிவாகியிருந்தது. எங்கள் மாடிப்படிகளைப் பெருக்கும் வேலம்மாவின் மகள் கயல், டெல்லியில் கேரம் இறுதிப் போட்டி ஆடுகிறாள். ஐந்து மணிக்கு நேரலை. வேலம்மாவின் வீடு பெரும்பாக்கத்தில். போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். "இங்கேயே பாரும்மா" என்று சங்கம் 'பெருந்தன்மையுடன்' தரையில் இடம் ஒதுக்கியது.

செயலாளர் முத்துகிருஷ்ணன் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எதையும் முறையாகச் செய்வார். டிவிக்கு மாலை போட்டு, அடிச்சட்டத்தின் நட்டநடுவில் தாராளமாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். ரிமோட்டை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"சூடாவட்டும்" என்றவர், நேரத்தை வீணாக்காமல் உரையைத் தொடங்கினார். "ஆதியில, ஓட்ட போட்ட வட்டத் தகட்டச் சுத்தவிட்டுத்தான் படம் காட்டுனாவ..."

"சார், மணி அஞ்சேகால்" என்றாள் வேலம்மா.

"இரும்மா, இப்பத்தான் கண்ணாடிக் குழாய் டிவிக்கே வந்திருக்கேன்."

ஆன்டெனாவைத் திருப்பிய காலத்துக்கு வந்தபோது ஐந்தரை. வண்ணம் வந்து, கேபிள் வந்து, டிஷ் மொட்டைமாடி ஏறியபோது ரிமோட்டுக்கு மூன்றாவது முறையாக பேட்டரி மாற்றினோம். போனில் பார்த்திருக்கலாம்தான். ஆனால் எங்கள் போன்கள் எல்லாம் உரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தன.

"சார், அந்தப் பொட்டு..."

"டிவியத் தொடாத!" என்றோம் ஒரே குரலில்.

"இன்னா சார் நீங்க! அதும் கண்ணு மேலயே பொட்ட வச்சிகினு, பேட்டரிய மாத்திகினு கீறீங்க!"

வேலம்மா எழுந்து முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். சந்தனத்துக்கு அடியிலிருந்து, ரிமோட் சொல்வதைக் கேட்கும் சின்னக் கண் வெளிப்பட்டது. செயலாளர் ரிமோட்டை அழுத்த, நூறாண்டுத் தொழில்நுட்பம் பளிச்சென்று விழித்தது.

திரை முழுக்கக் கயல், கையில் கோப்பையோடு! "எம்மா, கடைசி காயி எப்டி போட்டேன், பாத்தியா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டாள்.

வேலம்மா திரும்பி எங்களைப் பார்த்தாள். நாங்கள் பலமாகக் கைதட்டினோம்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்: 'கோளாறு, சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் சரிசெய்யப்பட்டது. டிவியைத் தொட்டதற்காக வேலம்மா எச்சரிக்கப்பட்டார்.'