பாதிப் பெயரில் ஒரு முகூர்த்தம்

“மேடம், மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது. ஆனா தொட்டியில ஒரு சொட்டு ஏறலையே!”

மண்டபத்து எலக்ட்ரீஷியன் வெள்ளைச்சாமி மொட்டைமாடியிலிருந்து போனில் கத்தினார். கீழே, மணமேடைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்போர்டு அறையில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கார்த்திகா உட்கார்ந்திருந்தாள்.

“நல்லாக் கேளுங்கண்ணே. தண்ணி மோட்டார்தானா?”

“இல்லங்க. சத்தம் கீழேருந்து வருது. உங்க பக்கம்.”

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு பெண் அலறினாள். அவளைத் தொடர்ந்து பத்துப் பேர் அலறினார்கள். கார்த்திகா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

மணமேடை சுற்றிக்கொண்டிருந்தது.

வரவேற்பு நேரத்தில் ஜோடியை எல்லோரும் பார்க்கட்டும் என்று மண்டபத்துக்காரர் லக்ஷ்மணன் செய்துவைத்த சுழல்மேடை அது. இப்போது முகூர்த்தத்துக்கு மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வெற்றிசெல்வனின் முகம் வந்தது, போனது. பெண் பிரகதீஸ்வரியின் ஜடை வந்தது, போனது. ஐயர் மைக்குக்கு நேரே வரும்போது மட்டும் மந்திரம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வீடியோக்காரர் மேடையோடு சேர்ந்து ஓடினார். ஹோமப் புகை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் போனது.

அந்த மண்டபத்து மோட்டார்களை எல்லாம் தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டி கார்த்திகாவின் கம்பெனியுடையது. அதற்குள் இருந்து அதை இயக்கும் நிரல், ஃபர்ம்வேர், அவள் எழுதியது. நேற்றுத்தான் மாட்டினார்கள். இது ஒழுங்காக ஓடினால் மாவட்டத்தில் இன்னும் ஏழு மண்டபங்களுக்குப் பெட்டி கேட்டிருந்தார்கள். அவள் வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்துத்தான் இருந்தது.

பெட்டியின் வேலை எளிது. தொட்டி காலி என்று சென்சார் சொன்னால் தண்ணீர் மோட்டாரை ஓட்ட வேண்டும். நிரம்பியதும் நிறுத்த வேண்டும். எந்தச் சாதனம் எந்த முனையில் இருக்கிறது என்பதற்குப் பெட்டிக்குள் ஒரு பட்டியல் உண்டு. கிளை கிளையாக இருப்பதால் அதற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். ஒவ்வொரு கிளையும் ஒரு நோடு. ஒவ்வொரு நோடுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். மண்டபத்துக்கு மண்டபம் முழுப் பெயர் மாறும் என்பதால், பெயரில் ஒரு துண்டைக் கொடுத்தாலே போதும், அந்தத் துண்டு உள்ள முதல் நோடைப் பிடித்துக்கொள்ளும்படி கார்த்திகா எழுதியிருந்தாள். அவள் கொடுத்திருந்த துண்டு, ‘மோட்டார்’.

ஆபீசில் சோதித்தபோது ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. இந்த மண்டபத்தில் எத்தனையோ இருந்தன. பட்டியலைத் தயாரித்த கோபிநாத், ‘மேடை மோட்டார்’ என்பதை முதலில் எழுதிவிட்டுத் தன் அக்கா மகள் காதுகுத்துக்குப் போய்விட்டான்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. தொட்டி நிரம்பும்வரை மேடை சுற்றும். மேடை சுற்றினால் தொட்டி நிரம்பாது.

“வெள்ளைச்சாமிண்ணே! மேடை ஃபியூஸைப் புடுங்குங்க!”

“புடுங்குனா லைட்டு, மைக்கு, ஃபேன் எல்லாம் அணைஞ்சு போயிருங்க. எல்லாம் ஒரே லைன்.”

“அப்ப பெட்டியக் கழட்டிட்டுப் பழைய ஸ்டார்ட்டரைப் போடுங்க.”

“அதை நேத்தே பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்களே!”

மேடைக்குக் கீழே மாப்பிள்ளையின் அத்தை செல்வராணி நின்றுகொண்டிருந்தார். தாயில்லாத வெற்றிசெல்வனை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். இந்தச் சம்பந்தத்துக்கே மூன்று ஜோசியரைக் கேட்ட பிறகுதான் தலையாட்டியிருந்தார்.

“வலப்பக்கமாச் சுத்துனாலாவது கோயிலச் சுத்துற மாதிரின்னு மனசத் தேத்திக்கலாம். இது எடப்பக்கமால்ல சுத்துது!” என்று நெஞ்சில் கை வைத்தார். “ஆரம்பமே இப்புடின்னா இது வெளங்குமா?”

கார்த்திகா கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பின் முன் விழுந்தாள். ‘மோட்டார்’ என்ற துண்டை அழித்தாள். தண்ணீருக்கான மோட்டார்தானே வேண்டும்? ‘தண்ணி’ என்று கொடுத்தாள். அனுப்பினாள். பெட்டி அணைந்து உயிர் பெற்றது.

மேடை நின்றது. கார்த்திகா கண்ணை மூடி மூச்சு விட்டாள். திறந்து பார்த்தாள். மணமக்கள் கூட்டத்தைப் பார்க்காமல், ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேளக்காரர்களைப் பார்த்தபடி இருந்தார்கள். பரவாயில்லை, நின்றதே பெரிது.

“அண்ணே, தண்ணி வருதா?”

“வரலங்க.”

“வரலையா? தண்ணின்னு போட்டேனே!”

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. இந்த முறை அலறியது ஆண்களும் சேர்ந்து.

மண்டப வாசலில் விருந்தாளிகள் மேல் லேசாகப் பன்னீர் தூவும் குழாய் ஒன்று இருந்தது. கோபிநாத் அதற்குத் ‘தண்ணித் தெளிப்பு’ என்று பெயர் வைத்திருந்தான். அது இப்போது தெளிக்கவில்லை, பாய்ச்சியது. பட்டுச்சேலைகள் நனைந்தன. மொய் எழுத உட்கார்ந்தவர் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று அந்த நேரத்தில்தான் வாசலுக்குப் போயிருந்தார் செல்வராணி.

அவர் திரும்பி வந்தபோது கொண்டையிலிருந்து பன்னீர் சொட்டியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக மேடைக்குப் போனார்.

“எந்திரிடா வெற்றி.”

“அத்தை…”

“எந்திரின்னேன். சாமி ஒரு தடவை சொல்லியாச்சு, ரெண்டு தடவை சொல்லியாச்சு. இன்னும் என்னடா சகுனம் வேணும் ஒனக்கு? இன்னைக்கு இது நடக்காது. வேற நாள் பாப்போம். இல்ல, வேற எடமே பாப்போம்.”

பெண்ணின் அப்பா கைகூப்பினார். பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார். மேடை சுற்றியதில் தட்டிலிருந்து தேங்காயோடு தாலியும் உருண்டுவிட்டதால், பத்திரத்துக்கு அதை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்து வைத்திருந்தார் ஐயர். வெற்றிசெல்வன் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், பாதி எழுந்தான்.

கதவிடுக்கில் கார்த்திகா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறாள். ஒரே ஒரு சொல்லை வைத்து.

பின்வாசல் வழியாகச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, எலை போட்டு முதல் பந்தி உக்காந்தாச்சு. கை கழுவத் தண்ணி இல்ல, ரசத்துக்கும் இல்ல. இங்கிட்டு என்னதான் பண்ணிக்கிட்டு இருக்கீங்க?”

கார்த்திகா கோபிநாத்துக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

“அந்தத் தண்ணி மோட்டாருக்கு என்னடா பேரு வச்சே? முழுப் பேரச் சொல்லு!”

“மேல்தொட்டி… மேல்தொட்டி என்னமோ ஒன்னு. நடுவுல கோடு வச்சேனா, புள்ளி வச்சேனான்னு ஞாபகம் இல்ல கார்த்திகா. சும்மா மேல்னு தேடு, வந்துரும்.”

பட்டியலைத் திறந்து பார்த்து முழுப் பெயரை எடுக்க இரண்டு நிமிடம் ஆகும். மேடையில் மாப்பிள்ளை பாதி எழுந்து நிற்கிறான். கார்த்திகா ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தை அடித்தாள். எம், ஈ, எல். அனுப்பினாள்.

பெட்டி அணைந்தது. உயிர் பெற்றது. திரையில் ஒரு வரி ஓடியது.

‘மேளம் மோட்டார்: ஆன்.’

சின்ன விசேஷங்களுக்கு நாயனக்காரர் வராதபோது அடிக்க, கோயில்களில் இருப்பதுபோல் ஒரு மேள மெஷின் இந்த மண்டபத்தில் உண்டு என்று கோபிநாத் எப்போதோ சொல்லியிருந்தான். மேல், மேளம். ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்தும் ஒன்று. பட்டியலில் மேளம் முன்னால் இருந்திருக்கிறது.

சுவர் அதிர்ந்தது. கெட்டி மேளம்!

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் யோசித்துச் செய்யவில்லை. கெட்டி மேளம் கேட்டால் தமிழ்நாட்டில் ஒரு மண்டபம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. பிரகதீஸ்வரி தலையைக் குனிந்தாள். வெற்றிசெல்வனின் கை தானாக முன்னே போனது. அவனுடைய அக்கா ஓடிவந்து மீதி முடிச்சுகளைப் போட்டாள். நானூறு பேர் அட்சதையை வீசினார்கள். செல்வராணியே, கோபத்தில் இறுக்கி வைத்திருந்த கையைத் திறந்து, ஈர அரிசியை வீசிவிட்டார். வீசிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தன் கையையே பார்த்தார்.

மேளம் நின்றது.

“யாருய்யா…” செல்வராணியின் குரல் உடைந்தது. “யாருய்யா மேளம் அடிக்கச் சொன்னது? ஐயரே, நீங்களா?”

“நான் கையே காட்டலியேம்மா!” ஐயருக்குக் கண் பிதுங்கியது. “நான் மந்திரத்தையே நிறுத்திட்டேனே!”

கார்த்திகா எழுந்தாள். ஓடிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பின்வாசல் பக்கத்திலேயேதான் இருந்தது. ஆனால் கால் மேடைப் பக்கம் போனது.

“நான்தாங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். லக்ஷ்மணன் முன்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்.

“மேடையச் சுத்த வச்சதும் நான்தான், பன்னீர் அடிச்சதும் நான்தான், மேளமும் நான்தான். பொண்ணு வீட்டுக்காரங்க மேல ஒரு தப்பும் இல்ல, சகுனமும் இல்ல. டிவைஸ் ட்ரீல ஒரு நோடைத் தேடும்போது…”

“மரமா? எந்த மரத்துல?” என்றார் செல்வராணி.

“மரம் இல்லங்கம்மா. பட்டியல். அதுல முழுப் பேரக் குடுக்காம பாதிப் பேர வச்சுத் தேடிட்டேன். தப்பான மெஷின் ஓடிருச்சு.”

“பாதிப் பேர வச்சு என் மருமகனுக்கு முழுக் கல்யாணத்தையே பண்ணி வச்சுட்டியாடி!”

செல்வராணி மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார். “நீங்களும்ல அடிச்சீங்க? நான் பாத்தேனே!”

தவில்காரர் நிதானமாகக் கும்பிட்டார். “மெஷின் முதல்ல தட்டுச்சுங்கம்மா. ஐயர்தான் சொல்லிட்டாருபோலன்னு நெனச்சு நாங்களும் கூடச் சேந்துக்கிட்டோம்.”

ஐயர் மணியைப் பார்த்தார். “ஒன்பது இருபத்தஞ்சு. முகூர்த்தத்துக்குள்ளதான் இருக்கு. கட்டுனது கட்டுனதுதாம்மா. இனிமே அவுக்குறதுக்கு எங்கிட்ட மந்திரம் இல்ல.”

செல்வராணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மெஷின் செய்ததற்கு யாரோடு சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிரகதீஸ்வரி மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் ஆளாக அவர் காலில் விழுந்தாள். நனைந்த முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருங்க” என்றார் செல்வராணி. கொஞ்ச நேரம் கழித்து, “எந்திரி ஆத்தா, தரையெல்லாம் ஈரம்” என்றும் சொன்னார்.

கார்த்திகா அறைக்குத் திரும்பி, பட்டியலைத் திறந்து, முழுப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தாள். மேலே வெள்ளைச்சாமி கூவினார். “ஏறுது மேடம்! ஏறுது!” பந்தியில் குழாய்கள் சீறின. அவளுக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை.

லக்ஷ்மணன் அறை வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“பந்தி முடிஞ்சதும் பெட்டியக் கழட்டிட்டுப் போயிருங்கம்மா. மேடை சுத்துனா சமாளிப்பேன், தண்ணி அடிச்சா சமாளிப்பேன். தானாத் தாலி கட்ட வைக்கிற பெட்டிய வச்சுக்கிட்டு நான் எப்புடி மண்டபம் நடத்துறது?”

ஏழு மண்டபங்கள் கண்ணுக்கு முன்னால் வரிசையாகக் கதவைச் சாத்தின. மத்தியானம் கடைசிப் பந்தி எழுந்த நேரத்தில் கார்த்திகா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினாள். சார்ஜில் போட்டிருந்த செல்போனை எடுக்கத் தவில்காரர் உள்ளே வந்தார். வெற்றிலைச் சிவப்பு உதட்டோடு, அவள் கழட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாப்பிட்டியாம்மா?”

“இல்லங்க. ஐயா, அந்த மேள மெஷின் எங்க இருக்குன்னு தெரியுமா? அதுக்குப் போற ஒயரையும் கழட்டணும்.”

அவர் வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அது பெல்ட்டு அறுந்து ஒரு வாரம் ஆச்சும்மா, மண்டபத்துக்காரருக்கே இன்னும் தெரியாது. மொதல்ல அடிச்சதே நான்தான். அத்தைக்காரி எந்திரின்னு சொன்னதுமே, அடிங்கன்னு பொண்ணு எனக்குக் கண்ணக் காட்டிருச்சு.”