பானட்டுக்குக் கீழே என் ராஜ்யம்

எங்கள் வீட்டில் எது நடந்தாலும் என் மனைவி சொன்னபடிதான் நடக்கும். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் காரின் பானட்டுக்குக் கீழே மட்டுமாவது நான் சொன்னபடி நடக்கவேண்டும் என்று இந்த வருஷம் முடிவு செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எடுத்த ஒரே பெரிய முடிவு அது. அவளிடம் சொல்லாமல் எடுத்ததால் யாரும் தடுக்கவில்லை.

எங்களிடம் ஒரு பந்தயக் கார் இருக்கிறது. ஓட்டுவது அவள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பகலெல்லாம் முதல் கியரில் ஊர்கிறவர்களுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிச் சேர்த்துவைத்த வேகத்தையெல்லாம் பந்தயத்தில் கொட்டுவாள். எஞ்சின் வேலை என்னுடையது. காரை நான் பழுதுபார்ப்பேன், என்னை அவள் பழுதுபார்ப்பாள்.

போன பந்தயத்தில் எங்கள் கார் கடைசிச் சுற்றில் திணறிப் பின்தங்கியது. குற்றவாளி வால்வு ஸ்பிரிங். எஞ்சினின் மூச்சுக் கதவான வால்வைத் திறப்பது, கேம் என்கிற முட்டை வடிவச் சக்கரம். திறந்த வால்வை மறுபடி மூடுவது ஸ்பிரிங். எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றும்போது ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் வால்வு நேரத்துக்கு வீடு திரும்பாது. கீழிருந்து வரும் பிஸ்டன் அதன் தலையில் முட்டும். அப்புறம் எஞ்சினை முறத்தில் அள்ளவேண்டியதுதான்.

உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று நடுத்தரமானது. எங்கள் கேமுக்கு ஏற்றது அதுதான் என்று கேமைச் செய்தவர்களே சொல்லியிருந்தார்கள். இன்னொன்று தடித்த கம்பியில் சுற்றிய இரட்டை ஸ்பிரிங். கையால் அழுத்தினால் கைதான் அமுங்கும். பார்த்ததுமே எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. அழுத்தத்துக்குப் பணியாதது ஒன்றாவது எங்கள் வீட்டில் இருக்கட்டுமே.

சமையலறை மேஜையில் விசாரணை நடந்தது.

"முரட்டு ஸ்பிரிங் கேமைத் தின்னுடும்" என்றாள். "முழுசா அழுந்தறப்போ சுருளுக்கும் சுருளுக்கும் நடுவுல இடைவெளி வேணும். இல்லன்னா உடைஞ்சுடும். வால்வு எவ்ளோ தூரம் திறக்குதுன்னு அளந்தீங்களா?"

"பார்த்தாலே தெரியுது."

"போன தடவையும் பார்த்துதான் போட்டீங்க."

சரி என்றேன். புருஷர்கள் சொல்லும் சரிக்குப் பல அர்த்தம் உண்டு. மறுநாள் அவள் வகுப்புக்குப் போனதும் கடைக்கு ஓடி இரட்டை ஸ்பிரிங்கை வாங்கிவந்து மாட்டினேன். சாயங்காலம் "ஸ்பிரிங் போட்டாச்சா?" என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். எந்த ஸ்பிரிங் என்று அவள் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை.

கையில் ஒன்று மிச்சம் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் அதை வைஸ் என்கிற இறுக்குப்பிடியில் வைத்து, வால்வு முழுசாகத் திறக்கும்போது எவ்வளவு சுருங்குமோ அந்த அளவுக்கு இறுக்கினேன். சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கிட்டத்தட்ட ஒரே இரும்புக் கட்டியாகிவிட்டன. நடுவே ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

உச்ச வேகத்தில் அது உடையும். உடைந்தால் வால்வு உள்ளே விழும், எஞ்சின் இறுகும், பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கப்போவது என் பெண்டாட்டி. அவளுக்கு அது வால்வு. எனக்கு அது வாழ்வு.

திரும்ப மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனால், நடுத்தரம் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் "காபி ஆறிடுச்சு" என்று வேறு எதையோ சொன்னேன். யோசனை கேட்க அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அத்தான் என் கதையைக் கேட்டுவிட்டு, இந்த மாதிரி விஷயத்தில் தான் வாயே திறப்பதில்லை என்றார். அக்கா உள்ளேயிருந்து இருமினாள். திரும்பி வந்த பிறகு பானட்டைத் திறக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

பந்தய நாள் வந்தது. ஹெல்மெட்டை மாட்டிவிடும்போது வாரை இரண்டு தரம் தப்பாக மாட்டினேன். "என்னங்க?" என்றாள். ஜாக்கிரதை என்றேன். அவள் போய்விட்டாள்.

வேலியோரம் வாக்கிடாக்கியோடு நின்றேன். உதிரிபாகக் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில் நின்றார். முன்னால் ஒரு சிவப்புக் கார். அது ஒரு பல் டாக்டருடையது, போன வருஷம் ஜெயித்தது. அதன் வாலைப் பிடித்தபடி எங்கள் கார். ஒவ்வொரு முறை எங்களைக் கடக்கும்போதும் எஞ்சின் உச்சத்தில் அலறியது. அந்த அலறலுக்குள் டிக் என்று ஏதாவது கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். என் நெஞ்சுதான் டிக் டிக் என்றது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் நிதானமாகச் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார்.

பாதிப் பந்தயத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. வாக்கிடாக்கியை அழுத்தினேன்.

"நான் முரட்டு ஸ்பிரிங்கைத்தான் போட்டேன்மா. தப்புப் பண்ணிட்டேன். அது உடையப்போகுது. வேகத்தைக் குறை, உன் கால்ல விழறேன்."

அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்த அழுகை பக்கத்துக் கூடாரத்திலும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பல் டாக்டரின் ஆட்கள் தங்கள் வாக்கிடாக்கியில் எங்கள் அலைவரிசையை வைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் பதில் வந்தது. "சரிங்க. குறைச்சுடறேன்."

நான் சொல்லி அவள் 'சரிங்க' என்றது அதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாடும் நிலைமையில் நான் இல்லை. எங்கள் கார் பின்தங்கியது. பல் டாக்டரின் ஆட்கள் சிரித்தபடி அவருக்கு, அந்த அம்மா வண்டி தானாகவே நின்றுவிடும், அவசரப்படாமல் வாருங்கள் என்று சொன்னார்கள். சிவப்புக் காரும் ஊர்வலம் போல வர ஆரம்பித்தது.

கடைசிச் சுற்று. கடைசி வளைவு. திடீரென்று எங்கள் எஞ்சின் வானம் கிழிகிற மாதிரி அலறியது. நான் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன். வெடிக்கும் என்று காத்திருந்தேன். கைதட்டல்தான் கேட்டது. கண்ணைத் திறந்தபோது எங்கள் கார் கோட்டைத் தாண்டி நின்றிருந்தது. சிவப்புக் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கடைக்காரரும் பின்னால் வந்தார். அவரைப் பார்த்து அவள் சிரித்தாள்; அவர் தலையைச் சொறிந்தார். நான் ஸ்பிரிங் வாங்கிய அன்றே அவர் அவளுக்குப் போன் போட்டிருக்கிறார். நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்த பகலில் இரண்டு பேருமாக நடுத்தர ஸ்பிரிங்கையே மாட்டிவிட்டார்கள். பல் டாக்டரின் ஆட்கள் ஒட்டுக்கேட்பதும் அவளுக்குப் போன வருஷமே தெரியுமாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"நடிக்கச் சொன்னா உங்களுக்கு வராதுங்க. அதான் நிஜமாவே பயப்பட விட்டேன்."