ஏரோது வாய்மூடிய கதை

இனி வாயைத் திறப்பதில்லை என்று அல்பிரட் முடிவெடுத்தான். வாயால் பிழைக்கிற மனுசன் எடுக்கிற முடிவா இது? குறிஞ்சிப்பிட்டிக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவன் அவன். அவன் "ஒருதரம்" என்று தொடங்கினால் எட்டத்தில் இருக்கிற தலவிலக் கோயிலில் மெழுகுதிரி அணையும் என்று வள்ளக்காரச் சம்மாட்டிமார் பகிடி பண்ணுவார்கள். சரி, ஏலத்துக்கு விதிவிலக்கு. வீட்டில்தான் விரதம்.

அந்தக் குரலுக்காகத்தான் தவக்காலத்தில் போடுகிற யேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் வருசா வருசம் ஏரோது அரசன் வேஷம் அவனுக்கு. படிப்பு இல்லை, வள்ளம் இல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. வருசத்தில் ஒரு நாள் முடி சூடிச் சிம்மாசனத்தில் இருந்து கர்ச்சிப்பான். மனுசனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வேஷத்தில் அவன் பெண்சாதி அக்னஸின் தம்பி கௌசிகனுக்கும் ஒரு கண். "ஒருக்கால் அவனுக்கு விட்டுக்குடுங்கோவன்" என்று போன வருசம் அக்னஸ் கேட்டாள். "நான் செத்தாப் பிறகு போடச்சொல்லு" என்று அல்பிரட் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு றுஷ்னா கையிலிருந்த சட்டியைப் போட்டு உடைத்தாள். அதோடு அக்னஸ் அந்தக் கதையை விட்டுவிட்டாள். ஃபோனில் படம் பார்க்கத் தொடங்கினாள்.

எல்லாம் ஒரே நடிகரின் படம். நரைத்த தாடி, கசங்கின சேட்டு. சண்டை இல்லை, பாட்டு இல்லை.

"இந்தாளில அப்பிடி என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லை. அதுதான் வடிவு."

"வாயே திறக்கிறானில்லை. ஊமையோ?"

"கதைக்கத் தேவையில்லை. ஒரு பார்வை காணும், அது போதும். சில பேருக்குத்தான் அது வரும்."

"ஏன், எனக்கு வராதோ?"

"உங்களுக்கோ?" என்றுவிட்டு அக்னஸ் வெங்காயம் உரிக்கப் போனாள்.

அந்த "உங்களுக்கோ" அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ஏலம் முடிய, மீன்வாடிக் கொட்டிலுக்குள் வலைக்குவியலுக்குப் பின்னால் இருந்து, குறை பிடிக்கவென்றே அந்த நடிகரின் படமொன்றைப் பார்த்தான். அந்த ஆள் செத்துப்போன மனைவியின் சீப்பை எடுக்கிறார். பல்லில் சிக்கின முடியைப் பார்க்கிறார். திரும்ப அலுமாரியில் வைக்கிறார். அவ்வளவுதான். அல்பிரட்டுக்கு மூக்கால் ஒழுகியது. நாசமாய்ப் போனவன், ஒரு சொல் சொல்லாமல் அழவைத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது. யோசித்துப் பார்த்தால் நாடகத்தில் ஏரோதுக்கு முன்னால் யேசுவும் ஒரு சொல் பேசுவதில்லை. இவன் தொண்டை கிழியக் கத்துவான், சனம் அவரைப் பார்த்துத்தான் அழும்.

தொடங்கியது விரதம்.

"கறிக்கு உப்புக் காணுமோ?" அக்னஸ் கேட்டாள்.

அல்பிரட் மெல்லத் திரும்பி ஜன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்த்தான்.

"அப்ப காணும்."

கிழமைக் கணக்கில் உப்பில்லாக் கணவாய்க்கறி தின்றான். ஆனால் அக்னஸ் ஒரு நாள் கிட்ட வந்து, "இப்பத்தான் உங்கட முகமே தெரியுது" என்றாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து இப்படி ஒரு சொல் அவனுக்குக் கிடைத்ததில்லை. அதற்காக உப்பென்ன, சோற்றையே விட்டிருப்பான்.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, நாடகம் பழக்குகிற சந்தியோகு அண்ணாவியார் வேஷம் பிரித்துக்கொடுக்க வீட்டுக்கு வந்தார். ஊர் வழக்கம் ஒன்று உண்டு. போன வருசம் ஆடினவனிடம் மூன்று தரம் கேட்கவேண்டும். அவன் வாயால் "ஏற்கிறன்" என்று சொல்லவேண்டும். தலையாட்டல் செல்லாது. சொல்லாவிட்டால், அந்த வேஷத்தைக் கேட்டு நிற்கிற மற்றவனுக்குப் போகும்.

அக்னஸ் தேத்தண்ணி வைத்தாள். "அண்ணாவியார், இவர் இப்ப முந்தி மாதிரி இல்லை. என்ன அமைதி எண்டு பாருங்கோவன்." பிறகு கதவு நிலையில் சாய்ந்து, ஃபோனைப் பார்க்கிற அதே கண்ணால் புருசனைப் பார்த்தாள்.

"அல்பிரட், ஏரோது அரசனை ஏற்கிறியோ?"

சொல் தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்தப் பார்வை போய்விடும். மூன்றாம் தரத்துக்குச் சொல்லலாம், அந்த நடிகரும் அப்படித்தான் செய்வார். ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ரெண்டாந்தரம் கேக்கிறன்."

ஒரு புருவத்தை உயர்த்தினான். எல்லாம் அதில் இருக்கிறதென்று நினைப்பு.

"மூண்டாந்தரம்."

முதலில் எச்சில் விழுங்கவேண்டும், பிறகு வாய். விழுங்கினான்.

"ஏற்கிறன்" என்றது ஒரு குரல். குசினி வாசலில் கௌசிகன். குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, எப்போது வந்து நின்றானோ.

"அது என்ர வேஷம்!" அல்பிரட் எழும்பிக் கத்தினான். றுஷ்னா வீட்டில் எதுவோ விழுந்தது.

"மூண்டுதரம் போனாப் போனதுதான் எண்டு கரையில நீதானே சொல்லுவாய்," என்று அண்ணாவியார் செருப்பைப் போட்டார். கௌசிகனும் பின்னால் போனான்.

அல்பிரட் கதிரையில் இருந்தான். "அப்ப அந்த நடிகரைப் பிடிக்குமெண்டது பொய்."

"ஆர் சொன்னது? அந்தாளை எனக்கு உண்மையாவே பிடிக்கும். பேசாம இருந்தா ஏதோ பெரிசா யோசிக்கிறார் எண்டு விளங்கும்."

"நான் பேசாம இருந்தா?"

அக்னஸ் கோப்பைகளை எடுத்தாள். "கோவிக்காதேங்கோ. உங்களுக்கும் அண்ணாவியாரிட்ட ஒரு வேஷம் சொல்லி வைச்சிருக்கிறன். வாயே திறக்கத் தேவையில்லை. யேசுவின்ர கல்லறைக்குக் காவல் நிண்டு நித்திரையாப் போற சேவகன்."

அல்பிரட் ஜன்னலுக்கு வெளியே தென்னையைப் பார்த்தான். இந்தத் தரம் நடிக்கவில்லை.

"குறட்டை மட்டும் விடவேண்டாமாம்," என்றாள் அக்னஸ்.