சரி, லீடர்

செங்,
ஆயுத பூசை முடிந்த வாரம்

சுங்கை ரம்பாயின் செம்பனை லாரி ராஜா தங்கையா மச்சானுக்கு, உங்கள் தங்கையைக் கட்டியும் இன்னும் சிரிப்பு மாறாத கணேசமூர்த்தி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் அக்காவும் லாரியும் சுகமாக இருக்க வேண்டும். லாரி கொஞ்சம் கூடுதல் சுகமாகவே இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு வேலை வேண்டும்.

போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை சிஎன்சி பகுதிக்கு லீடராகப் போட்டார்கள் அல்லவா. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைச் சீவுகிற நாலு மெஷின், அதற்குக் கொஞ்சம் ஆள், எனக்கு ஒரு மஞ்சள் தொப்பி. உங்கள் தங்கை ஜெயா அந்தத் தொப்பியைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் வாய் உங்களுக்குத் தெரியும். கூட வேலை செய்கிற பிரான்க்ளினை நான் கிண்டல் பண்ணாத நாள் இல்லை, அவனும் விடமாட்டான். "உன் மூஞ்சியப் பாத்துத்தான்டா மெஷின் நின்னுச்சு" என்றால், "இல்லணே, உங்க பாட்டக் கேட்டு" என்பான். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடியது. தொப்பி வந்த மறுநாளே "அண்ணே" போய் "லீடர்" வந்துவிட்டது. ஓவர்டைம் யாருக்கு என்று எழுதுகிறவன் நான்தானே. என்ன சொன்னாலும் "சரி, லீடர்". நான் சொல்கிற ஜோக் நன்றாக இல்லாவிட்டாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறார்கள், மச்சான். கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். பிரான்க்ளின் வேதக்காரன், ஆனாலும் கடலைக்காக முதல் ஆளாக நிற்பான். "எங்க வைக்கிறது, லீடர்?" என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "உள்ள டூலை அளக்கிற கண்ணாடி இருக்கே, அதுக்கு வைடா. நம்ம எல்லாரையும் விட அதுதான் புத்திசாலி" என்றேன். மறுநாள் காலை மெஷின் ஓடமாட்டேன் என்று கத்துகிறது. புரோகிராம் எழுதுகிற ஷாந்தினி எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாள், நான் ஒயரைக் கழற்றினேன், சாயங்காலம் அனுப்ப வேண்டிய சரக்கு என்று முதலாளி தவுக்கே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார், பிரான்க்ளின் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டே நின்றான். மத்தியானம்தான் பார்த்தேன். கண்ணாடி மேல் காய்ந்த சந்தனம், மெஷினுக்குக் கண் தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும், லீடர்."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"நீங்கதானே வைக்கச் சொன்னீங்க. லீடர் சொன்னத தப்புன்னு எப்படிச் சொல்றது?"

நான்தான் வைக்கச் சொன்னேன் என்று தவுக்கேயிடம் சொன்னேன். அவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன், மச்சான். சந்தனத்தைத் துடைத்துவிடலாம். நாளைக்கு நான் அவசரத்தில் எதையாவது தப்பாகச் சொல்லி, மெஷினுக்குள்ளே ஒருத்தன் கை இருந்து, இன்னொருத்தன் "சரி, லீடர்" என்று பட்டனை அமுக்கிவிட்டால்? இத்தனை வருஷம் எங்கள் விரல்களைக் காப்பாற்றியது அந்த வாய்ச்சண்டைதான் போலிருக்கிறது. மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே நான் தப்பாச் சொன்னா நேராத் திட்டணும், தெரியுதா?" என்றேன்.

"சரி, லீடர்" என்றார்கள், எல்லாரும் சேர்ந்து.

ஆகவே திங்கட்கிழமை தொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறேன். உங்கள் லாரியில் கெலிண்டான் வேலையை, அந்தக் கையாள் வேலையை, எனக்கு வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். நீங்களாவது என்னைத் திட்டுவீர்கள்.

அக்காவுக்கு வணக்கம், உங்கள் மகள் திவ்யதர்ஷினிக்கு ஆசி, லாரி டயர்களுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
கணேசமூர்த்தி

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அவசரச் சரக்கு. "வேகத்தக் கூட்டுடா" என்றேன். பட்டனுக்குப் போன பிரான்க்ளின் கை நின்றது. "முடியாதுணே, டூல் உடையும். உடைச்சுத்தான் ஆகணும்னா தொப்பியக் கழட்டிட்டு நீங்களே வந்து உடைங்க லா." ஷாந்தினி அந்தப் பக்கம் திரும்பி இருமினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எண்ணெய்ப் புகை என்று சொல்லிவிட்டேன். லாரிக்கு வேறு ஆள் பாருங்கள், மச்சான்.