சாப்பாட்டு மணியில் ஒரு கச்சேரி

பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு என்னிடம் சில நல்ல யோசனைகள் உண்டு. எல்லாம் நானே செய்து பார்த்தவை. கடைசி யோசனையில்தான் எனக்கு வேலை போனது. ஆகவே முழுக்கப் படித்துவிட்டு இறங்கவும்.

நான் ஒன்பதாவதில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவன். சின்னசேலத்தில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், திருக்கோவிலூரில் கல்யாண பேண்டு செட்டில் டிரம் அடித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் எங்கேயும் கால் நிற்காது. இந்த லட்சணத்தில் மணலூர்பேட்டை ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசை வந்தது. அவள் அப்பா ஆரோக்கியம் கரும்பு விவசாயி. பெண் கேட்டுப் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாப்பா, இந்த மாசம் இன்னா வேலை?”

“பேண்டு செட்டுங்க மாமா.”

“ஒரே எடத்துல ஒரு வருஷம் நின்னு காட்டு. அப்புறம் வா. அதுவரைக்கும் மாமான்னு கூப்புடாத.”

கல்வராயன் மலையில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு சின்னப் பள்ளியில் பாட்டு வாத்தியார் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரிய டீச்சர் (தலைமையாசிரியைக்கு அங்கே அதுதான் பெயர்) சான்றிதழ் கேட்கவில்லை. முன்னால் வந்த இருவரும் ஒரே வாரத்தில் பஸ் ஏறிவிட்டார்களாம்.

“குளிர் தாங்குவியா தம்பி?”

“லாரி மேலயே தூங்கியிருக்கேன் டீச்சர்.”

“அப்ப சரி. ஆண்டு விழாவை நல்லா நடத்திக் குடு. அடுத்த வருஷமும் நீதான்.”

பள்ளியில் இருந்த ஒரே வாத்தியம் ஓர் ஆர்மோனியம். அதற்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதனால் முதல் யோசனை: கிடைத்ததை வைத்து அடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கினால் போதும், பாதிப் பாட்டு நடந்துவிடும். ஏழு கண்ணாடி பாட்டிலில் அளவாகத் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் தட்டினால் ச, ரி, க, ம எல்லாம் வரும். ஆனால் விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் அதைக் குடித்துவிடுவார்கள். தண்ணீர் குறையக் குறைய சுருதி ஏறும். காலையில் ‘ம’வாக இருந்தது மதியம் ‘ப’வாகிவிடும். குடிக்காமல் இருக்கட்டும் என்று மஞ்சள்தூள் கலந்து வைத்தேன். மறுநாள் அதுவும் பாதி காணோம்.

“மஞ்சத் தண்ணி சளிக்கு நல்லது சார்,” என்றாள் நாலாம் வகுப்பு வள்ளி.

தாளத்துக்கு வேறு வழி. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் கணக்குப் பாடம் என்று பிள்ளைகள் முகம் சுருங்கும். சாப்பாட்டுப் பெயர் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். சோறு, சோறு, கறிக்குழம்பு. பிசகவே பிசகாது. அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் ஏற்கெனவே ஒரு தாளம் அத்துப்படி. டாங்… டாங்… டண்டண் டாங்! சமையலறை வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் காந்தாக்கா அடிக்கும் சாப்பாட்டு மணி. (வகுப்பு மணிக்கு ஒரே அடி. அதை ஒருவரும் தாளமாக மதிக்கவில்லை.)

அந்தத் தாளத்திலேயே மலை மழையைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினேன். முப்பது பிள்ளைகள், ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு கரண்டி. இரண்டு மாதம் பயிற்சி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முடிவில் மட்டும் ஒரு கம்பீரம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. விழா அன்று காலையில் தண்டவாளத் துண்டைக் கழற்றினேன்.

“அத்த எங்க தூக்கிக்கினு போற?” என்றார் காந்தாக்கா.

“பாட்டுல கடைசி அடிக்குக்கா.”

“வேணாம் தம்பி. அது சோத்து மணி.”

“இரும்புதானேக்கா.”

“உனுக்கு இரும்பு. பசங்களுக்கு?”

(பத்துக் கல்யாணத்துக்கு அடித்த வித்வான், சமையல்காரம்மா சொல்லியா கேட்பேன்?)

விழா பதினொரு மணிக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து வரவேண்டிய அதிகாரி வந்தது இரண்டு மணிக்கு. பன்னிரண்டரைக்கு அடித்திருக்க வேண்டிய மணி மேடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கோழி பிரியாணி வாசனை பந்தலுக்குள் வந்து எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டது. முன்வரிசையில் ஆரோக்கியம். நான் ஒரே இடத்தில் பத்து மாதம் நின்ற அதிசயத்தைப் பார்க்க, விடிகாலை பஸ்ஸில் கிளம்பி வந்திருந்தார்.

பாட்டு பிரமாதம். அதிகாரி தலையாட்டினார். ஆரோக்கியமே ஒருமுறை தொடையில் தாளம் போட்டார். நான் இரும்புக் கம்பியை ஓங்கினேன்.

டாங்… டாங்… டண்டண் டாங்!



“சோறு!” என்றாள் வள்ளி.

தட்டு ஏற்கெனவே கையில் இருந்தது. முப்பது பேரும் மேடையிலிருந்து குதித்தார்கள். பின்னாலேயே பந்தலில் இருந்த இருநூறு பேரும். பெரிய டீச்சர் மைக்கைப் பிடித்து, “உக்காருங்க! இது பாட்டு! மணி இல்ல!” என்று கத்தியது மலைக்கு மட்டும் கேட்டது. அதிகாரி கைதட்ட எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். மேடையில் நான், கம்பி, உருண்டு ஓடிய ஒரு ‘ரி’ பாட்டில்.

முன்வரிசையைப் பார்த்தேன். ஆரோக்கியத்தின் நாற்காலி காலி. பஸ் ஏறிவிட்டார், ஸ்டெல்லா இனி எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தேன். அங்கே வரிசையில், வள்ளிக்கு அடுத்தபடியாக, தட்டோடு நின்றுகொண்டிருந்தார் ஆரோக்கியம். என்னைப் பார்க்கவில்லை. கரண்டியைத்தான் பார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் பெரிய டீச்சர் கூப்பிட்டார்.

“நீ நல்லவன்தான் தம்பி. ஆனா பசங்க இப்ப மணியக் கேட்டா பாடுதுங்க, பாட்டக் கேட்டா தட்டெடுக்குதுங்க. நான் இன்னா பண்றது?”

மணலூர்பேட்டைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

“வருஷம் முடியலியே,” என்றார் ஆரோக்கியம்.

“முடியலீங்க.”

“எனக்கு சுகர். காலையிலேர்ந்து ஒண்ணும் துண்ணல. அந்த ஆபீசரு பேச ஆரம்பிச்சிருந்தா அங்கியே வுழுந்திருப்பேன். அத்தினி பெரிய மனுசங்க இருந்தாங்க, பசி நேரத்துல மணியடிக்கணும்னு ஒருத்தனுக்குத்தான் தோணுச்சு.”

நான் எதற்காக அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னால் ஸ்டெல்லா முறைத்தாள். மூடிக்கொண்டேன்.

“சரி, இப்ப மாமான்னு கூப்புடு.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சாப்பிட வாருங்கள் என்று அழைப்பதில்லை. ஸ்டெல்லா கரண்டியால் தட்டில் அடிப்பாள். டாங்… டாங்… டண்டண் டாங். நான் எழுந்து கை கழுவிக்கொண்டு வருவதற்குள், மாமா முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார்.